டீ மேக்கரின் காது

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போது முதலில் கேட்பது ஒயரைப் பற்றித்தான். வெள்ளி ஒயர் நல்லதா, செம்பு ஒயர் நல்லதா, ஸ்பீக்கருக்கு அடியில் கல் வைக்கலாமா, மரம் வைக்கலாமா. எனக்கு இந்தப் பேச்சு எப்போதோ அலுத்துவிட்டது. அதைச் சொல்லித் தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் ஒயர் விற்கிறவர்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒரு மனிதரின் காதைப் பற்றி. கேட்டுவிட்டுப் பிறகு ஒயரைப் பற்றிப் பேசுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

குன்னூரில் நான் வேலை பார்த்த கடை சின்னது. உயர்ந்த ரக ஆடியோ செட்டுகளை வரவழைத்து விற்போம், வீட்டுக்கே போய்ப் பொருத்திக் கொடுப்போம், பழுதானால் நாங்களே சரி பார்ப்போம். இந்த மலையில் இப்படி ஒரு கடை ஓடியது என்றால் இன்றைக்கு நம்ப மாட்டீர்கள். டீ நல்ல விலைக்குப் போன காலம் அது. ரஷ்யாவுக்குப் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட் மேனேஜர்கள் வாங்கினார்கள், புரோக்கர்கள் வாங்கினார்கள், போனஸ் வந்த கையோடு ஃபேக்டரி ஸ்டாஃபும் வந்து ஆசையாகத் தடவிப் பார்த்தார்கள்.

அப்புறம் விலை விழுந்தது. பச்சைத் தேயிலையைப் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று ஆள்கள் செடியை அப்படியே விட்டார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. நாங்கள் யார் யார் வீட்டில் செட்டைப் பொருத்தினோமோ, அவர்கள் வீட்டுக்கே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் அதைக் கழற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சமவெளியிலிருந்து யாராவது வந்து வாங்கிப் போவார்கள், எங்களுக்குக் கமிஷன். கடை அதில்தான் உயிரோடு இருந்தது. நாங்கள் கழற்ற ஆரம்பித்ததும் அந்த வீட்டு ஆள்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார்கள். அந்த வேலையை நான் அடியோடு வெறுத்தேன்.

லவ்டேல் பக்கம் ஒரு அம்மா. தனியாக இருந்தார். ஆம்பிளிஃபயர் கெட்டுவிட்டது, பாட்டெல்லாம் குளியலறைக்குள் பாடுகிற மாதிரி கேட்கிறது என்று ஆள் அனுப்பினார். நான் போய் ஆம்பிளிஃபயரைத் திறந்து மேசையில் பரப்பிவிட்டேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் அறை முழுக்கச் சுற்றியது. அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தரையில் இருந்த கம்பளம் இல்லை. ஜன்னல்களில் தொங்கிய கனமான திரைகளும் இல்லை. எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் யாரையும் அப்படிக் கேட்கக்கூடாது. படுக்கையறையில் எதிரொலியை அடக்க மெத்தையும் பஞ்சு ரஜாயும் இருந்தன. குளிருக்கு அங்கேயே உட்கார்ந்து கேட்கலாமே என்று சொல்லி செட்டை அங்கே மாற்றிவிட்டு வந்தேன். பாட்டு பழைய மாதிரி ஆகிவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்ப்பேன், அடுத்து அறையைப் பார்ப்பேன், செட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அந்த வரிசைதான் கோத்தகிரி சாலையில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

அந்தச் சாலையில் ஒரு டீ ஃபேக்டரி. அதில் டீ மேக்கராக இருந்தவர் கொங்குப் பக்கத்துக்காரர், பொள்ளாச்சி. டீ மேக்கர் என்றால் ஃபேக்டரிக்குள் வருகிற பச்சை இலை தூளாகி மூட்டைக்குள் போகிறவரைக்கும் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நல்ல காலத்தில் போனஸ் வந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் பைக் வாங்கினார்கள், இவர் எங்கள் கடைக்கு வந்து ஒரு ஜோடி வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்கினார். நான்தான் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தேன். "நாள் பூரா மிசின் இரைச்சலுங்க. ஊட்டுக்கு வந்தா நல்ல சத்தமாக் கொஞ்சம் காதுல உழோணும்" என்று அன்றைக்குச் சொன்னார். நல்ல சத்தம் எதற்கு என்று இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

அந்த ஃபேக்டரி மூடியது. சில மாதம் கழித்து அவரே கடைக்குப் போன் செய்து, செட்டை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். எங்கள் கடை முதலாளி அதை வாங்க உடனே திருப்பூரில் ஒருவரைப் பிடித்துவிட்டார். அவரும் வேனோடு வந்து கடையில் உட்கார்ந்துவிட்டார். மழைக்காலம். மூடுபனி இறங்குவதற்குள் பர்லியார் இறக்கத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். என்னை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள்.

நான் போனபோது டீ மேக்கர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். செட்டை இப்போது பெரிய மர அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். நான் பொருத்திய காலத்தில் அது இல்லை, பிறகு ஆசாரியை வைத்து அவரே செய்தது. மேல்தட்டில் இரண்டு ஓரத்திலும் ஸ்பீக்கர், நடுவில் ஆம்பிளிஃபயர், கீழே ரெக்கார்டுகள். கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து எனக்காகத் தயாராக வைத்திருந்தார்.

ஏன் சார் கொடுக்கிறீர்கள், பணமுடையா என்று மெதுவாகத்தான் கேட்டேன். இல்லை என்றார். நாடுகாணிப் பக்கம் ஒரு ஃபேக்டரி இன்னும் ஓடுகிறது, அங்கே டீ மேக்கர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், குவார்ட்டர்ஸ் உண்டு. அந்தக் காலத்தில் ஐம்பது வயது தாண்டிய ஆளுக்கு அப்படி ஒரு அழைப்பு வருவது லாட்டரி விழுந்த மாதிரி. சாயங்காலம் அவர்கள் போன் செய்வார்கள், பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லப்போவதாகச் சொன்னார். அவரும் மனைவியும் கோயமுத்தூரில் மகன் வீட்டோடு போய் இருந்துகொள்வார்களாம்.

"செட்டுல ஒரு குறையும் இல்லீங்க தம்பி. குறை எங்கிட்ட. எனக்குக் காது போச்சுங்க."

மிகச் சாதாரணமாகச் சொன்னார். ரெண்டு மூன்று வருஷமாகவே மெல்லிய சத்தம் எதுவும் தனக்குக் கேட்பதில்லை என்றார். ஒரு புல்லாங்குழல் கச்சேரி ரெக்கார்டை எடுத்துக் காட்டினார். அதில் கஞ்சிரா வருமாம். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன வில்லைகள் சலங்கை மாதிரி குலுங்குமே, வாங்கின புதிதில் அந்தச் சத்தம் பக்கத்தில் குலுக்குகிற மாதிரி இருந்தது, இப்போது தோலில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது, வில்லைச் சத்தம் சுத்தமாக இல்லை. முதலில் அது போயிற்று, பிறகு குழல்காரர் மூச்சு விடுவது போயிற்று. ஃபேக்டரியில் வேலை பார்த்தவனுக்கு இது வருவதுதானே என்றார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒத்து ஊதினார். தான் கூப்பிட்டால் மனுஷன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

கேட்காவிட்டால் என்ன, நாடுகாணியில் எல்லாருக்கும் கத்திப் பேசியே பழக்கம் என்று அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

இலையை அரைக்கிற ரோலரில் ஏதாவது கோளாறு என்றால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும் என்றார். ஒரு சின்னக் கிறீச்சு வரும். அதைக் கேட்டு நிறுத்தச் சொல்கிறவன்தான் டீ மேக்கர். கேட்காத ஆள் அங்கே நின்றால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் விபரீதம் ஆகும். டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். தலையை ஆட்டினார். போய்க் காட்டி, ஆமாம் போய்விட்டது என்று ஒரு ஆள் வாயால் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைச் சொல்லவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

எந்தச் செட்டையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்காமல் கழற்றுவதில்லை என்பது எங்கள் கடை வழக்கம். அந்தப் புல்லாங்குழல் ரெக்கார்டையே போட்டேன். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் பாருங்கள், நான் அறையைப் பார்க்கிறவன் ஆயிற்றே. ஜன்னலுக்கெல்லாம் குளிருக்காகக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். லவ்டேல் அம்மா வீட்டுக்கு நேர் எதிர், கம்பளி சத்தத்தைக் குடிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஆளோ காது போய்விட்டது என்று தானே சொல்கிறார். ஒரு பெரிய மனிதர் தன் குறையைத் தன் வாயால் சொல்லும்போது அதைச் சோதித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்றுதான் நாம் நினைப்போம். வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த வீட்டுப் போனும் அடித்தது. முதலாளி. திருப்பூர்க்காரர் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறார், இன்னும் அங்கே என்ன செய்கிறாய் என்றார். கிளம்பிவிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு ரெக்கார்டை நிறுத்தினேன், ஒயரைக் கழற்றக் குனிந்தேன்.

"சாரல் உழுகுது பாரு. கொடியில துணி கெடக்குது" என்றார் டீ மேக்கர், மனைவியிடம்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது, ஜன்னலில் கம்பளி. அந்த அம்மா பின்பக்கம் ஓடினார். நான் எழுந்து கம்பளியை விலக்கி வெளியே பார்த்தேன். அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் கொட்டகைத் தகரத்தில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. சாரல் தகரத்தில் விழுகிற சத்தத்தைவிட மெல்லிய சத்தம் இந்த மலையில் எது இருக்கிறது? அதைக் கேட்ட காதுக்குக் கஞ்சிரா வில்லை கேட்கவில்லையாம்.

கம்பளியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் அந்த அம்மா துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் ஒரு கையால் அலமாரிக் கதவு இரண்டையும் சாத்தி, பக்கத்தில் இருந்த ஸ்விட்சைத் தட்டினார். கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

"மழை வந்துட்டா பல்பைப் போட்டே பழகிப்போச்சுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மறுபடி திறக்கப் போனார்.

உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே மழைக்காலத்தில் செருப்பிலிருந்து பட்டுப்புடவை வரை எல்லாம் பூஞ்சணம் பூக்கும். அதனால் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு பல்பு எரியும். என் வீட்டிலும் எரிந்தது. அதை யாரும் விசேஷமாகக் கவனிக்க மாட்டோம். இவர் வீட்டில் பல்பு ஹோல்டரைக் கதவின் உள்பக்கம் மாட்டியிருந்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் அதுவும் கதவோடு ஸ்பீக்கரை விட்டு விலகி ஓரமாகப் போய்விடும். சாத்தினால் நேராக ஸ்பீக்கரின் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். கதவுக்கு ஒன்றாக இரண்டு பல்பு. கீழே வைத்தால் சூட்டில் ரெக்கார்டு வளைந்துபோகும் என்று யோசித்து, அவரே அளவு பார்த்து மேலே மாட்டியிருக்கிறார். அத்தனை கவனமான மனிதர். வருஷா வருஷம் மழைக்காலம் முழுக்க, இரவும் பகலும், அந்த ஸ்பீக்கர்கள் முகத்தில் சூடு வாங்கியிருக்கின்றன.

ஸ்பீக்கரில் மேலே இருக்கிற சின்ன வட்டத்துக்கு ட்வீட்டர் என்று பெயர். மெல்லிய சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும். சில கம்பெனி ட்வீட்டரில் காயில், அதாவது கம்பிச்சுருள், சூடாகாமல் இருக்க உள்ளே ஒருவகை எண்ணெய் விட்டிருப்பார்கள். ஒன்றைக் கழற்றித் திறந்து பார்த்தேன். எண்ணெய் வற்றிக் கரிய பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் சிக்கிய காயில் எப்படி அசைந்து சத்தம் கொடுக்கும்? இன்னொன்றும் அதே கதிதான். ஒன்று மட்டும் போயிருந்தால் எவனும் கண்டுபிடித்திருப்பான். இரண்டும் ஒன்றாக, மாதத்துக்குக் கொஞ்சமாக மங்கினால், மனிதன் தன் காதைத்தான் சந்தேகப்படுவான். தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான். ஒருவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டால் உடனே தலையாட்டாதீர்கள். அவர் பொருளையும் ஒருமுறை விசாரியுங்கள்.

சொன்னேன். அவர் முகம் மலரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க தம்பி. மிசின்ல ஒருத்தன் கை போச்சுன்னா அவனுக்கு யாரு ஆறுதல் சொல்றதுங்க?"

நான் டாக்டர் இல்லை. ஒரு சாரலைக் கேட்டார் என்பதற்காக ஒரு மனிதரை ஃபேக்டரிக்குள் அனுப்பலாமா? மறுபடி போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நான் ஜீப்புக்கு ஓடி என் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து வந்தேன். அதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று கேட்பீர்கள். நான் போனது செட்டைக் கழற்ற, காதைச் சோதிக்க அல்ல. தவிர அவருக்கு ஹெட்போன் என்றாலே இளக்காரம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிற மாதிரி காதில் மாட்டிக்கொண்டு கேட்பதெல்லாம் பாட்டா என்று முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆம்பிளிஃபயரில் அதைச் செருகி அவர் தலையில் நானே மாட்டினேன். இதில் ஸ்பீக்கருக்கு வேலையே இல்லை, கேட்டால் காது, கேட்காவிட்டால் காது என்று சொல்லிவிட்டு அதே ரெக்கார்டை ஆரம்பத்திலிருந்து வைத்தேன். கேட்கவில்லை என்றால் அந்த மனிதரின் கடைசி நம்பிக்கையையும் பிடுங்கியவன் நான்தானே.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது. பிறகு அவருடைய வலதுகை ஆள்காட்டி விரல் தானாக நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது. கண்ணைத் திறக்காமலே, ஹெட்போன் போட்டவர்கள் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"கஞ்சிரா அங்கியேதான் இருக்குதுங்க."

அந்த அம்மா துணியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் மணி நேரம் நல்ல பாட்டுக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்காத அந்தச் சில நிமிஷங்களைப் போல எதையும் அனுபவித்ததில்லை.

முதலாளிக்கு நானே போன் செய்து, ஸ்பீக்கர் பழுது, இன்றைக்கு வராது என்றேன். திருப்பூர்க்காரருக்குத் தெரியவா போகிறது என்றார் அவர். தெரியாதுதான். எனக்குத் தெரியுமே என்றேன். அந்த ஆள் கோபித்துக்கொண்டு காலி வேனோடு மலை இறங்கிப் போனவர் பிறகு எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. முதலாளி அதை ரொம்ப நாள் சொல்லிக் காட்டினார். எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் நாடுகாணிக்காரர்களிடம் சரி என்று சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம், ஒரு வாரம் தவணை கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கஞ்சிராவை நம்பி ஃபேக்டரிக்குள் போகக்கூடாது, கோயமுத்தூர் போய்க் காது டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். போனார்கள். மிசின் பக்கத்தில் நின்றவர்களுக்கு வருகிற தேய்மானம் லேசாக இருக்கிறது, வயதுக்கு இது நல்ல காது, இனிமேல் இரைச்சலில் நிற்கும்போது ஜாக்கிரதையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாதான் எனக்குப் போன் செய்து சொன்னார். இத்தனை நாள் காது கேட்காது என்று பாவப்பட்டு விட்டுக்கொடுத்தோமே, கூப்பிட்டதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் சும்மா இருந்திருக்கிறார் என்று அவருக்கு இப்போது ஆத்திரம். ஃபேக்டரி மூடிய கவலையில் இருந்திருப்பார் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

புது ட்வீட்டர் வந்து சேர மாதக்கணக்காயிற்று. அதற்குள் அவர்கள் நாடுகாணிக்குக் குடி போய்விட்டார்கள். நானே பஸ்ஸில் போய்ப் பொருத்திக் கொடுத்தேன். செட்டும் ரெக்கார்டுகளும் அலமாரியை விட்டு வெளியே வந்திருந்தன, பல்பு அதன் கீழ்த்தட்டில் செருப்புக்குப் பக்கத்தில் எரிந்தது. என் ஹெட்போன் மட்டும் திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை கடைக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். டீ மேக்கர்தான், ஃபேக்டரிக்குள்ளிருந்து பேசினார்.

"தம்பி, போனை மிசின் பக்கம் புடிக்கறேன். ரெண்டாவது ரோலர்ல ஒரு கிறீச்சு. கேக்குதுங்களா?"

காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. மறைக்காமல் அதையே சொன்னேன்.

"அப்படின்னா உங்க காதைத்தான் டாக்டர்கிட்டக் காட்டோணும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு போனிலிருந்து முகத்தைத் திருப்பி, மிசினை நிறுத்தச் சொல்லி யாருக்கோ குரல் கொடுத்தார். அந்த இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கி நின்றது. அது எனக்கும் நன்றாகக் கேட்டது.